ஆறாவது ‘ஏன்’

மனிதகுலத்தின் மகத்தான கண்டுபிடிப்பு நெருப்பு என்று சிலரும் சக்கரம் என்று சிலரும் சொல்லி வருகிறார்கள். இரண்டும் தவறு. நெருப்பு அணைந்துபோகும். சக்கரம் பஞ்சராகும். எந்நாளும் பழுதாகாத கண்டுபிடிப்பு உலகில் ஒன்றுதான் உண்டு. அதன் பெயர் விலகல் அறிக்கை.

அதை முதன்முதலில் வீட்டு உபயோகத்துக்குக் கொண்டுவந்தவர் செகந்திராபாத் மாரெட்பள்ளியில் வசிக்கும் தேவராஜ். இதில் அவர் மனைவி வேதாவுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அது உபயோகிக்கப்பட்டது அவள் மீதுதான்.

தேவராஜ், ஜீடிமெட்லாவில் ஒரு மாத்திரைக் கம்பெனியின் தர உறுதிப் பிரிவுத் தலைவர். அவர் கையெழுத்தில்லாமல் அங்கிருந்து ஒரு மாத்திரைகூட வெளியே போகாது. அங்கே நடக்கும் தவறைத் ‘தவறு’ என்று சொல்வது பண்பில்லை. அது ‘விலகல்’. விலகலுக்கு ஒரு படிவம் உண்டு. படிவத்தில் ஐந்து முறை ‘ஏன்?’ என்று கேட்க வேண்டும். ஐந்தாவது பதில் எதுவோ அதுவே மூல காரணம். மூல காரணமானவர் கீழே கையெழுத்துப் போடுவார். அவருக்கு மறுபயிற்சி அளிக்கப்படும். விலகல் மூடப்படும். எல்லோரும் டீ குடிக்கப் போவார்கள்.

இருபத்தோரு வருட உழைப்பில் தேவராஜ் ஓர் உண்மையைக் கண்டறிந்திருந்தார். ‘ஏன்’களை முறையாகக் கேட்டால் இயந்திரம் எப்போதும் நிரபராதி. ஐந்தாவது பதிலில் ஒரு மனிதன் வந்து நிற்பான். கம்பெனியில் அந்த மனிதர் பெயர் சூசைராஜ். மருந்துத் தூளைக் கலக்கும் இயந்திரத்தை ஓட்டுபவர். இதுவரை நாற்பத்தோரு முறை மறுபயிற்சி பெற்றிருக்கிறார். ஒரே இயந்திரத்தைப் பற்றி இவ்வளவு படித்தவர் உலகில் வேறு யாரும் இருக்க முடியாது.

வீட்டில் அந்த மனிதர் வேதா. இந்தப் பதவி உயர்வு அவளுக்குக் கிடைத்தது கார் வந்த பிறகு.

பத்து வயதான சொகுசு ஹைபிரிட் செடான். புதிதாக இருந்தபோது அதன் விலையில் ஒரு ஃப்ளாட் வாங்கியிருக்கலாம். இப்போது சின்னக் கார் விலைக்குக் கிடைத்தது. “கொஞ்சம் பெட்ரோலில் ஓடும், கொஞ்சம் கரண்டில் ஓடும்” என்றார் விற்றவர். அவர் ஜூப்ளி ஹில்ஸில் ஒரு கட்டட அதிபர். மொத்தம் எவ்வளவு ஓடும் என்று அவர் சொல்லவில்லை. சாவியைக் கொடுத்தபோது அவர் கண்கள் கலங்கின. பிரிவுத் துயரம் என்று வேதா நினைத்தாள். அது நிம்மதி என்று புரிய அவளுக்கு மூன்று வாரம் ஆயிற்று.

அபார்ட்மெண்டில் அவர்களுக்கு ஒரே ஒரு பார்க்கிங் இடம். அங்கே வேதாவின் ஸ்கூட்டர் நின்றது. அவள் சைனிக்புரியில் ஒரு பள்ளியில் இந்தி டீச்சர். ஏழு ஐம்பதுக்கு மணி அடிப்பார்கள். எட்டு வருடத்தில் அந்த ஸ்கூட்டர் அவளை ஒருமுறைகூட லேட்டாகக் கொண்டுபோய்விட்டதில்லை.

“ஸ்கூட்டரைக் கொடுத்துடலாம் வேதா. இந்தக் கார் பக்கத்துல அது நின்னா காருக்கு மரியாதை இல்ல.”

“நான் ஸ்கூலுக்கு எதுல போறதாம்?”

“கார்லதான். நான் டிராப் பண்றேன்.”

“நடுவழியில நின்னா?”

“இது நிக்காது.”

“நின்னா?”

இரண்டாம் முறை கேட்கப்படும் கேள்விக்கு எழுத்தில் பதில் சொல்வது தேவராஜின் வழக்கம். ஒரு தாளை எடுத்தார். ‘காரில் ஏற்படும் ஏதாவது ஒரு கோளாறுக்குக் காரே மூல காரணம் என்று நிரூபணமானால், காரை விற்று வேதாவுக்குப் புது ஸ்கூட்டர் வாங்கித் தரப்படும்’ என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். மணி ஒன்பது பதினேழு என்றும் போட்டார்.

அதைப் படித்துவிட்டு வேதா ஸ்கூட்டரை விற்கச் சம்மதித்து நிம்மதியாகத் தூங்கினாள். பத்தொன்பது வருடம் கூடவே வாழ்ந்தும் கணவரின் தொழிலைப் பற்றி அவள் ஒன்றுமே தெரிந்துகொள்ளவில்லை என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம்.

மூன்றாவது வாரம் சஃபில்குடா ரயில்வே கேட் அருகே கார் நின்றது. நின்றதும் திரையில் ஒரு செய்தி வந்தது. ஹைபிரிட் அமைப்பைச் சோதிக்கும்படி அது ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டது.

“எவ்வளவு மரியாதையா சொல்லுது பாரு!” என்றார் தேவராஜ். “சாதாரணக் கார்னா சொல்லாம நின்னிருக்கும்.”

வேதா ஆட்டோ பிடித்துப் பள்ளிக்குப் போனபோது முதல் பீரியட் முடிந்திருந்தது.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் விசாரணைக் கூட்டம் நடந்தது. தலைவர் தேவராஜ். சுயேச்சை உறுப்பினர் மகள் ஹர்ஷிதா, பதினொன்றாம் வகுப்பு. வேதா சப்பாத்தி இட்டபடி கலந்துகொண்டாள்.

“கார் ஏன் நின்னது? பெரிய பேட்டரி சூடாயிடுச்சு. ஏன் சூடாச்சு? அதைக் குளுத்துற ஃபேன் காத்து இழுக்கல. ஏன் இழுக்கல? தூசி அடைச்சிருக்கு. தூசி ஏன் உள்ளே வந்தது? ஜன்னல் திறந்திருந்தது. ஜன்னல் ஏன் திறந்திருந்தது?”

தேவராஜ் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“நான்தான் திறந்தேன். ஏசி வேலை செய்யல, வெந்துபோச்சு” என்றாள் வேதா.

தேவராஜ் பேனாவை உயர்த்தினார். “ஏசி வேலை செய்யலங்கிறது ஆறாவது ‘ஏன்’னுக்குப் பதில். ஆறாவது ‘ஏன்’ விதியில இல்ல.”

“நான்னா, அதி கார் ப்ராப்ளம் கதா?” என்றாள் ஹர்ஷிதா. ‘அப்பா, அது கார் கோளாறுதானே?’ என்று அர்த்தம். அவளுக்கு அப்பா பேசும் தமிழ் புரியும். ஆனால் நியாயம் பேசும்போது தெலுங்குதான் வரும்.

‘சுயேச்சை உறுப்பினர் கூட்டத்தின் மொழியில் பேசாததால் அவர் கருத்து பதிவு செய்யப்படவில்லை’ என்று எழுதினார் தேவராஜ். மூல காரணம்: வேதா. மறுபயிற்சி: ஜன்னலைத் திறக்காமல் காரில் உட்காரும் முறை, இருபது நிமிடம். வேதா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

அதன்பின் விலகல்கள் தாராளமாக நிகழ்ந்தன. ஒருநாள் காலையில் கார் பின்பக்கமாக எருமை மாதிரி உட்கார்ந்துகொண்டது. அதற்குக் காற்றில் மிதக்கும் சஸ்பென்ஷன். காற்று போய்விட்டிருந்தது. வேதா முந்தின நாள் ‘முன்னறிவிப்பின்றி’ உட்கார்ந்தது மூல காரணம். இன்னொரு நாள் டிக்கி திறக்கவில்லை. டிக்கியைத் திறக்க மின்சாரம் வேண்டும். மின்சாரம் தருகிற சின்ன பேட்டரி தீர்ந்துவிட்டது. அந்த பேட்டரி டிக்கிக்குள் இருந்தது. சாவியால் திறக்கும் ரகசியத் துளை எங்கே என்பது கையேட்டின் நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் தெளிவாக எழுதியிருந்தது. கையேடும் டிக்கிக்குள் இருந்தது. எட்டாம் வகுப்பின் முப்பத்தெட்டு இந்தி விடைத்தாள்களும், ஒரு டப்பா புளிசாதமும் அங்கேயே மூன்று நாள் சிறையிருந்தன.

ராணிகஞ்சிலிருந்து கவுஸ் பாய் வந்து திறந்தார். தேவராஜுக்குத் தெரிந்த மெக்கானிக்குகளில் இந்தக் காரைப் பார்த்துச் சிரிக்காதவர் அவர் ஒருவர்தான். தாத்தா ஆற்காட்டிலிருந்து வந்தவர் என்பதால் வீட்டோடு வந்த தமிழ் அவரிடம் மிச்சம் இருந்தது.

“கைக்கு சாப் இவ்ளோ டென்ஷன்? பெரிய பேட்டரிதான் வீக். புதுசு போட்டா ஆயிடும்.”

‘கைக்கு’ என்றால் ‘ஏன்’. இந்த ஊரில் எல்லோரும் அதை ஒருமுறை கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஐந்து முறை கேட்பது தேவராஜ் ஒருவர்தான்.

“புதுசு என்ன விலை?”

கவுஸ் பாய் விலையைச் சொன்னார். தேவராஜ் கார் மேல் சாய்ந்துகொண்டார்.

“ஹவ் சாப், ஆமா, ஜாஸ்திதான். பேட்டரி வாங்குறோம், வண்டி அதுக்கு ஃப்ரீன்னு நெனச்சுக்குங்க. மனசு லேசாயிடும்.”

தேவராஜ் சாவியை எடுக்க மேலே போன சமயம் வேதா குரலைத் தாழ்த்தினாள். “பாய், தப்பு கார் மேலதான்னு ஒரு சீட்டு எழுதித் தர்றீங்களா?”

“நக்கோ மேடம், வேணாம்!” கவுஸ் பாய் உண்மையாகவே பயந்துபோனார். “சாப் இந்த வண்டிய வித்துட்டா என் பொண்ணு காலேஜ் ஃபீஸ் யாரு கட்டுவா?”

ஜனவரிக்குள் பதினேழு அறிக்கைகள் சேர்ந்துவிட்டன. பதினேழும் மூடப்பட்டவை. நீல நிறக் கோப்பில் வரிசையாக அடுக்கி, முன்பக்கத்தில் ‘திறந்திருக்கும் விலகல்கள்: பூஜ்யம்’ என்று தேவராஜ் எழுதி வைத்திருந்தார். அந்தக் கோப்பைப் பார்த்தால் எவருக்கும் அந்தக் காரை வாங்கத் தோன்றும். காரைப் பார்க்காதவரை.

பள்ளியிலும் ஒரு கோப்பு இருந்தது. அதில் வேதாவின் லேட் சீட்டுகள் பதினான்கு. முதல்வர் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

“டீச்சர், மார்ச்சில கான்ட்ராக்ட் புதுப்பிக்கணும். இப்படியே போனா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. வீட்ல ஏதாவது பிரச்சினையா?”

“பிரச்சினை எல்லாம் மூடிட்டோம் மேடம்” என்றாள் வேதா. அதைத் தவிர அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்த வாரம் கம்பெனியின் ஆண்டு விழா. கார் ஜீடிமெட்லாவை ஆமை வேகத்தில் அடைந்ததால் அவர்கள் போனபோது பரிசளிப்பு நடந்துகொண்டிருந்தது. ‘அதிகப் பயிற்சி பெற்ற ஊழியர்’ விருது சூசைராஜுக்குக் கிடைத்தது. கைத்தட்டல் ஓய்ந்ததும் அவர் பிரியாணித் தட்டோடு வேதாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவர். எதையும் சத்தமாகத்தான் சொல்வார். அன்று மெதுவாகக் கேட்டார்.

“மேடம், வீட்ல நீங்கதான் மூல காரணம்னு கேள்விப்பட்டேன். எத்தனை?”

“பதினேழு.”

“நமக்கு நாப்பத்தொண்ணு. நம்ம மிக்ஸர் இருக்கே, நடுநடுவுல நின்னுடும் மேடம். நின்னா தூள் சரியா கலக்காது. ஒரு மாத்திரையில மருந்து ரெட்டிப்பாப் போகும், இன்னொண்ணுல வெறும் மாவுதான் இருக்கும். சார்கிட்ட சொன்னேன். ‘நீ பட்டனை எப்படி அமுக்கினே’ன்னு கேட்டார். அன்னிக்கே புரிஞ்சுடுச்சு. இப்பல்லாம் அவர் கேக்குறதுக்கு முன்னாடியே கையெழுத்துப் போட்டுடுவேன்.”

“கோவம் வரலையா?”

“வந்துச்சு. அப்புறம் படிவத்தோட கடைசிக் கட்டத்தைப் பார்த்தேன். ‘திருத்த நடவடிக்கை’ன்னு போட்டிருக்கும். மூல காரணம்தான் அதை எழுதணும். அதை யாரும் படிக்கிறதில்ல மேடம். சாரும் படிக்காமத்தான் கையெழுத்துப் போடுவார். ஒருவாட்டி, ‘இந்த ஆளை ராத்திரி ஷிஃப்ட்ல போடக்கூடாது’ன்னு எழுதினேன். ஆறு வருஷமாச்சு, ராத்திரி வீட்ல தூங்குறேன்.” எலும்பைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். “அடுத்து ஒரு நல்ல நாற்காலி எழுதலாம்னு இருக்கேன்.”

பிப்ரவரியில் வேதா சித்தி மகன் கல்யாணத்துக்காக ஐந்து நாள் வேலூருக்குப் போனாள். ரயிலில் ஏறும்போதே அவளுக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. இந்த ஐந்து நாளில் கார் நின்றால் தன்னைச் சொல்ல முடியாது. அறுநூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவள் எந்த ஜன்னலைத் திறக்க முடியும்?

கார் அவளை ஏமாற்றவில்லை. ஐந்தாம் நாள் காலை நின்றது. அதுவும் எப்படி? கம்பெனியைத் தணிக்கை செய்ய ஜெர்மனியிலிருந்து வந்த அதிகாரியைத் தேவராஜ் தன் சொந்தக் காரில், பேகம்பேட்டை ஓட்டலிலிருந்து அழைத்து வந்தார். பாலாநகர் மேம்பாலத்தின் கீழே கார் மரியாதையான செய்தியைக் காட்டிவிட்டு ஓய்வெடுத்தது. அதிகாரி ஏழு பேர் ஏறுகிற ஆட்டோவில் எட்டாவது ஆளாக ஜீடிமெட்லா போய்ச் சேர்ந்தார். ஆனால் அவரும் கோப்புகளை மதிக்கிறவர். சூசைராஜின் நாற்பத்தோரு பயிற்சிச் சான்றுகளையும் புரட்டிப் பார்த்து, தான் பார்த்த நாடுகளிலேயே இப்படி ஒரு பயிற்சியைக் கண்டதில்லை என்று பாராட்டி எழுதினார்.

வேதா ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “கார் நின்னுச்சாமே! ஹர்ஷி போன்ல சொன்னா. அறிக்கை எங்க?”

தேவராஜ் நீலக் கோப்பைத் திறந்து பதினெட்டாம் அறிக்கையைக் கொடுத்தார். அவர் முகத்தில் களைப்பு இருந்தது, கடமையை முடித்தவரின் களைப்பு.

கார் ஏன் நின்றது? பேட்டரி பலவீனம். ஏன்? நான்கு நாள் ஓடாமல் நின்றிருந்தது. ஏன்? யாரையும் பள்ளியில் விட வேண்டியிருக்கவில்லை. ஏன்? வேதா ஊரில் இல்லை. ஏன்? தன் விருப்பத்தின்பேரில் கல்யாணத்துக்குப் போனாள்.

மூல காரணம்: வேதா இல்லாமை.

அந்த நான்கு நாளும் தேவராஜ் ஏன் தன் காரை எடுக்காமல் கம்பெனி பஸ்ஸில் போனார்? அது ஆறாவது ‘ஏன்’.

வேதா தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். இருந்தாலும் அவள், இல்லாவிட்டாலும் அவள். கடவுளைப் பற்றித்தான் இப்படிச் சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“பேனா குடுங்க.”

தேவராஜ் நெகிழ்ந்துபோனார். “வாதாடுவேன்னு நெனச்சேன் வேதா. நல்ல பக்குவம் வந்துடுச்சு உனக்கு.”

அவள் கையெழுத்துப் போட்டாள். கடைசிக் கட்டத்தில் பொறுமையாக எழுதினாள்:

‘பதினெட்டு விலகல்களுக்கும் மூல காரணம் நானே. மறுபயிற்சியால் பயனில்லை என்பது பதினேழு முறை நிரூபணமாகிவிட்டது. எனவே மூல காரணத்தைக் காரிலிருந்து நிரந்தரமாக அகற்ற வேண்டும். அகற்றப்பட்ட மூல காரணம் பள்ளிக்குச் சென்றுவர ஏழு நாளுக்குள் ஒரு புது ஸ்கூட்டர் வழங்கி, அதைப் பார்க்கிங் இடத்தில் நிறுத்த வேண்டும்.’

தாளை நீட்டினாள். இருபத்தோரு வருடப் பழக்கத்தில், தேவராஜின் கண் வேறெங்கோ இருக்க, கை மட்டும் கையெழுத்துப் போட்டது. தேதி. நேரம்.

“இப்பப் படிங்க” என்றாள் வேதா.

படித்தார். திரும்பவும் படித்தார். “இது… இது எப்படி?”

“கையெழுத்தான படிவத்தை மீறினா அதுக்குப் பேரு என்னங்க?”

“விலகல்” என்றார் தேவராஜ், மிக மெதுவாக.

“வாட் எ கேப்பா மம்மி!” என்றாள் ஹர்ஷிதா. திருத்த நடவடிக்கைக்குத் தொழிலில் அதுதான் பெயராம். குழந்தைகள் எதையாவது கற்றுக்கொள்ளத்தான் செய்கிறார்கள்.

ஆறாம் நாள் ஸ்கூட்டர் வந்தது. மார்ச்சில் கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்பட்டது. கார் தெருவுக்குக் குடிபெயர்ந்தது. கீழே இரண்டு நாய்கள் குடியேறின.

மூல காரணம் அகற்றப்பட்ட கார் இனி நிற்காது என்று தேவராஜ் எல்லோரிடமும் சொன்னார். அடுத்த வாரமே ஜீடிமெட்லா போகும் வழியில் நின்றது. அவர் தனியாக இருந்தார். அன்று மாலை பத்தொன்பதாம் படிவத்தை விரித்து, முறைப்படி ‘ஏன்’ கேட்டுக்கொண்டே போனார். ஐந்தாவது பதிலில் வந்து நிற்பதற்குக் காரில் இருந்த அந்த ஒரே ஒரு மனிதர்தான் பாக்கி. பேனா நின்றது. நெற்றி வியர்த்தது. டாக்டர் வந்து ரத்த அழுத்தத்தைப் பார்த்தார். நூற்றெழுபதுக்கு நூற்றுப்பத்து.

“உடனே ஒரு மாத்திரை போடணும். இனி தினமும் காலையில ஒண்ணு. நிறுத்தக்கூடாது” என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

வேதா ஸ்கூட்டரில் போய் எட்டு நிமிடத்தில் மாத்திரை அட்டையோடு திரும்பினாள். தண்ணீர் எடுத்து வந்தாள். தேவராஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையைத் திருப்பினார். பின்பக்கத்து எண்ணைப் படித்தார். அட்டையை மெதுவாக மேசையில் வைத்தார்.

“இது நக்கோ. வேற கம்பெனி வாங்கிட்டு வா.”

“ஏன்?”

“இது எங்க கம்பெனில பண்ணினது.”

“அதை ஏன் நீங்க சாப்பிடக் கூடாது?”

“மிக்ஸர் நின்ன பேட்ச் இது. நம்பர் ஞாபகம் இருக்கு.”

“ஏன் நின்னது? சூசைராஜ் பட்டனைத் தப்பா அமுக்கினாரா?”

“சேச்சே. அவன் தங்கமான ஆபரேட்டர். கியர்பாக்ஸ் தேஞ்சுபோச்சு.”

“அப்போ ஏன் அவர் மேல எழுதினீங்க?”

“மெஷின் மேல எழுதினா மெஷினை மாத்தணும் வேதா.”

“ஏன் மாத்தல?”

“மாத்தினா மூணு வாரம் லைன் நிக்கும். யார் பதில் சொல்றது?”

வேதா தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள். “அப்படீன்னா இது வெளிய போகலாம்னு ஏன் கையெழுத்துப் போட்டீங்க?”

தேவராஜ் விரல்களை எண்ணிப் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது.

“அது ஆறாவது” என்றார்.

வேதா அட்டையையும் ஸ்கூட்டர் சாவியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மருந்துக் கடையில் ஒரு பெரியவர் சீட்டோடு நின்றிருந்தார். கடைக்காரர் வேதாவின் அட்டையை வாங்கி, வேறு கம்பெனி மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். பெரியவரின் சீட்டைப் பார்த்தார். அவருக்கும் அதே மருந்துதான். வேதா திருப்பிக் கொடுத்த அட்டையை அவரிடம் நீட்டினார்.

“தாத்தா, அதை வாங்காதீங்க” என்றாள் வேதா.

பெரியவர் அட்டையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“கைக்கு அம்மா?”

வேதா ஹெல்மெட்டைக் கழற்றினாள். இது முதல் ‘ஏன்’. இன்னும் ஐந்து இருந்தன.